ஞானகுமாரி மிஸ்ஸும் இடம் மாறுன கொம்பும்

சங்கத்துக்காக உயிரக் குடுத்தவங்கன்னு மேடையில நூறு பேரு பேரச் சொல்லுவாங்க. ஞானகுமாரி பேர ஒருத்தனும் சொல்ல மாட்டான். அவங்க உயிரெல்லாம் குடுக்கல. டைப் அடிச்சாங்க. ஒழுங்கா அடிச்சாங்க. அதப் பத்தித்தான் எழுதப் போறேன், பிடிக்காதவங்க படிக்க வேணாம்.

ஊரு பூந்தமல்லி. அப்பா ஒரு ஆஸ்பத்திரில கம்பவுண்டர். இங்கிலீஷ், தமிழ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்ல நட்டு போல்ட்டு செய்யிற ஒரு கம்பெனில வேலைக்குச் சேந்தாங்க. எண்பத்தி மூணுல அந்தக் கம்பெனில ஸ்ட்ரைக். நாலு பேரு மிஷின ஒடச்சாங்கன்னு மேனேஜரு ஒரு வாக்குமூலம் அடிக்கச் சொன்னாரு. நாலு பேர்ல ஒருத்தன் அன்னிக்கு ஊர்லயே இல்ல.

"நான் பாக்கல சார். பாக்காதத என் கையால அடிக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

அடுத்த வாரம் வேலை போச்சு. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடைக்கு மேல எங்க சங்க ஆபீசு. படியேறி வந்தாங்க. நியாயம் கேக்க வராங்கன்னு நாங்க பெஞ்ச தொடச்சிப் போட்டோம். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இங்க டைப்ரைட்டர் இருக்கா?"

இருந்துச்சு. 'ழ' சரியா விழாத ஒண்ணு. அன்னிக்கே ஒக்காந்து அதச் சரி பண்ணாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

எங்க ஆளுங்க அத்தினி பேரும் அவங்கள மிஸ்ஸுன்னுதான் கூப்புடுவாங்க. நெறைய பேரோட புள்ளைங்களுக்கு சாயங்காலத்துல டைப்பிங் சொல்லிக் குடுத்தது அவங்கதான். நான் நோட்டீஸ் எழுதிக் குடுத்தா மொதல்ல ஆச்சரியக்குறி எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சிடுவாங்க. "எங்க மிஷின்ல ஒரு ஆச்சரியக்குறிக்கு மூணு தட்டு தட்டணும் தோழர். நீங்க ஒரு பக்கத்துல இருபது போட்டிருக்கீங்க. அவ்வளவு ஆச்சரியமா என்ன நடந்துபோச்சு? போனஸ் தரலன்னுதானே எழுதியிருக்கீங்க, அது வருஷா வருஷம் நடக்குறதுதானே"ன்னு கேப்பாங்க. 

சங்கத்துல மெம்பரா சேருங்கன்னு எத்தினியோ வாட்டி கேட்டாச்சு. சேரல. "சங்கத்துக்கிட்ட சம்பளம் வாங்குறேன். சம்பளம் வாங்குறவ சங்கத்துல ஓட்டுப் போடக் கூடாது." அவ்வளவுதான் பேச்சு. அதனாலயே சங்கத் தேர்தல் வந்தா அத நடத்துற பொறுப்பு அவங்க தலையில வந்து விழும். சங்கத்துல அப்ப ரெண்டு கோஷ்டி. ரெண்டும் எந்த விஷயத்துலயும் ஒத்துப்போனதில்ல, மிஸ்ஸு ஓட்டு எண்ணுனா சரின்றதுல மட்டும் ஒத்துப்போவும். அந்தப் பேர அவங்க சம்பாதிச்சு வச்சிருந்தாங்க. வேற சொத்து ஒண்ணும் கெடையாது. திருமுல்லைவாயல்ல தங்கச்சி ரோஸி ஊட்டுல ஒரு ரூமு, ஒரு ஆர்மோனியம், அவ்வளவுதான்.

தொண்ணூத்தி ஏழுல அந்தப் பேருக்கே வந்துச்சு சோதனை. வந்தது ஒரு பிரிண்டரால.

ஆவடில மூடிப்போன ஒரு கம்பெனிலருந்து பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும், அகல பிரிண்டர் ஒண்ணும் எங்களுக்கு வந்து சேந்துச்சு, இது தொண்ணூத்தி ரெண்டுல. ஊசி ஊசியா குத்தி அடிக்கிற பிரிண்டரு. அதுக்குள்ள தமிழ் எழுத்துக்குன்னு தனியா ஒரு சிப்பு சொருகியிருந்தாங்க. அது கத்துற கத்துல கீழ சைக்கிள் கடைக்காரரு ரேடியோவ ஏத்தி வைப்பாரு. ஆனா அதுல ஒரு வேலை ஆவும். ரிப்பன கழட்டிட்டு, மெழுகு தடவுன ஸ்டென்சில் தாள உள்ள வுட்டா, ஊசிங்க மெழுகுல குத்திக் குத்தி எழுத்த ஓட்டையா போட்டுடும். அந்தத் தாள சைக்ளோஸ்டைல் மிஷின்ல மாட்டி, மைய ஊத்திக் கைப்பிடிய சுத்துனா எத்தினி காப்பி வேணுன்னாலும் வரும். எங்க நோட்டீசு அம்புட்டும் அப்படி வந்ததுதான்.

தொண்ணூத்தி ஏழுல அந்தப் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வானகரத்துல கம்ப்யூட்டர் மாட்டித் தர்ற லட்சுமணன் ஒரு புதுசு கொண்டாந்து வச்சாரு. கமிட்டி என்னா பண்ணுச்சு, பழைய கம்ப்யூட்டரோட டைப்ரைட்டரையும் அவருகிட்டயே எக்ஸ்சேஞ்சுல தள்ளிடுச்சு. மிஸ்ஸ ஒரு வார்த்த கேக்கல.  டைப்ரைட்டர் படியெறங்கிப் போனப்ப அவங்க ஜன்னல் பக்கம் திரும்பி டீ குடிச்சாங்க.

புதுசுல ஒரு தமிழ் புரோகிராம் இருந்துச்சு. அதோட மிஸ்ஸோட வெரலு ஒரு மாசம் சண்ட போட்டுச்சு. டைப்ரைட்டர்லயும் பழைய கம்ப்யூட்டர்லயும் 'கெ' அடிக்கணும்னா மொதல்ல கொம்பு, அப்புறம் 'க'. தாள்ல எது முன்னாடி நிக்குதோ அது முன்னாடி. இந்தப் புரோகிராம்ல மொதல்ல 'க', பின்னாடி கொம்பு. கொம்பு திரையில அதுவா தாவி முன்னாடி போயி நின்னுக்கும். "வாயில சொல்ற மாதிரி அடிக்கணும் மிஸ்"னு லட்சுமணன் சொன்னாரு. "பதினஞ்சு வருஷமா கண்ணுல பாக்குற மாதிரி அடிச்சிட்டேன் தம்பி"ன்னாங்க. ஆனாலும் பழகிக்கிட்டாங்க.

பழைய பிரிண்டர புதுசுல மாட்டுற வேலைய மட்டும் எல்லாரும் தள்ளித் தள்ளிப் போட்டோம். தொட்டா அதுவும் செத்துடுமோன்னு பயம்.

இந்த நேரத்துலதான் செயலாளர் தேர்தல். இருந்தவரு கஜபதி, லேத்து ஓட்டுற டர்னரு. நல்ல மனுஷன், வாயி மட்டும் ஓயாது. எதுத்து நின்னது பருத்திப்பட்டு கெங்கம்மாள். எஸ்டேட்ல கான்ட்ராக்ட்ல பெருக்குற வேலை. எங்க சங்கத்துல ஒரு பொம்பள செயலாளருக்கு நிக்கிறது அதான் மொத தடவ. பெருக்குற பொம்பளைங்க முக்காவாசி பேரு அறிவொளி வகுப்புல அப்பத்தான் எழுத்துக்கூட்டப் பழகுனவங்க. அதனால கெங்கம்மா பிரச்சாரமே வேற மாதிரி பண்ணுச்சு. கம்பெனி கேட்டு கேட்டா போயி, "மொத எழுத்துலயே கொம்பு இருக்கும்டி. கொம்பு வச்ச பேரு என்னுது. அதுக்கு நேரா குத்து"ன்னு சொல்லி வச்சிருச்சு. கஜபதி அதக் கேட்டுட்டு, "ஆமா, அவளுக்கு ஒண்ணும் புதுசா மொளைக்கல, பொறந்ததுலருந்தே கொம்புதான்"னு டீக்கடையில சிரிச்சாரு.

ஓட்டுச் சீட்டக் கையால எழுதலாமேன்னு கேப்பீங்க. போன தேர்தல்ல எழுதுனோம். ஒரு பேரு கொஞ்சம் தடிமனா விழுந்துடுச்சுன்னு நாற்காலி பறந்துச்சு. அதுக்கப்புறம் தீர்மானம் போட்டாச்சு: பேரெல்லாம் மிஷின்ல ஒரே அளவுல அடிக்கணும், சங்க ஆபீசுக்குள்ளயே அடிக்கணும். வெளிய அச்சகத்துக்குக் குடுத்தா நாலு சீட்டு யாரு பாக்கெட்டுக்குப் போவும்னு சொல்ல முடியாது.

தேர்தல் ஞாயித்துக்கிழமை. லட்சுமணன் வந்தது வியாழக்கிழமை.

பிரிண்டரோட கேபிள மாட்டிட்டு ஒரு பக்கம் அனுப்புனாரு. கட்டம், வளையம், மீன்முள்ளு மாதிரி கோடு, அப்படியே ஏழெட்டுத் தாளு கக்குச்சு.

"இன்னா லட்சுமணா, சீனாக்காரனுக்கு லெட்டர் போடுறியா?" கஜபதி.

"அண்ணே, கம்ப்யூட்டரு படமா அனுப்புது, இதுக்குப் படம் புரியல. இந்த பிரிண்டர் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. புது கம்ப்யூட்டருக்கு இதோட பேரே தெரியாது. தூக்கிப் போட்டுட்டு மை பீச்சுற பிரிண்டர் ஒண்ணு வாங்கிடுங்க."

"மை பீச்சுனா ஸ்டென்சில்ல ஓட்ட விழுமா?" மிஸ்ஸு கேட்டாங்க.

"விழாது மேடம்."

"அப்ப இதையே பாருங்க தம்பி."

பாத்தாரு. லட்சுமணன கொறை சொல்ல மாட்டேன், உருப்படியா வேலை பாத்த ஆளு. மூடியக் கழட்டி உள்ள இருந்த குட்டிக் குட்டி சுவிட்சையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தாரு. கம்ப்யூட்டர்ல எங்கயோ போயி, படமா அனுப்பாதே, வெறும் எழுத்தா அனுப்புன்னு வச்சாரு. அடுத்த தாளு வந்துச்சு. தமிழு! அன்னிக்கு ஆச்சரியக்குறி போட்டா மிஸ்ஸு கூட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ரெண்டு நிமிஷம்தான். கிட்டப் போயி படிச்சாங்க, மூஞ்சி மாறிப்போச்சு.

'கஜபதி' முத்து முத்தா விழுந்திருந்துச்சு. கீழ கெங்கம்மாள் பேருல 'க' தனியா நிக்குது. கொம்பு அதுக்குப் பின்னாடி வந்து 'ங்' தலையில முட்டிக்கினு கீது. மேல 'தேர்தல்'னு போட்ட எடத்துலயும் அதே கதை, 'த' முன்னாடி, கொம்பு பின்னாடி. 'செயலாளர்'லயும் அதே. கொம்பு இல்லாத எழுத்து பூரா சரி, கொம்பு இருந்த எழுத்து பூரா கோணல். திரையில பாத்தா ஒரு தப்பும் இல்ல.

"சிப்பு பழசாயிடுச்சு போல"ன்னு லட்சுமணன் தலையச் சொறிஞ்சாரு. வேற சிப்புக்கு நாளைக்கு ரிச்சி தெருவுல தேடுறேன்னு போனாரு. வெள்ளிக்கெழம மத்தியானம் வெறுங்கையோட வந்தாரு.

அதே மத்தியானம் கெங்கம்மாளும் வந்துச்சு. ஷிப்டு முடிஞ்சு நேரா வருது, தலையில துணி கட்டிக்கினு. ஓட்டுச் சீட்டோட மாதிரியப் பாக்கணும்னுச்சு. மறைக்கிற பழக்கம் மிஸ்ஸுக்குக் கெடையாது. எடுத்துக் குடுத்தாங்க.

கெங்கம்மா வெரல வச்சு எழுத்து எழுத்தா தடவுச்சு.

"இன்னா மிஸ்ஸு இது? அண்ணாத்தே பேரு அழகா கீது. என் பேருல மட்டும் கொம்பு எங்கியோ ஓடிக்கினு கீது?"

"உன் பேருல மட்டும் இல்ல கெங்கம்மா. மேல 'செயலாளர்'னு இருக்கு பாரு, அதுவும் அப்படித்தான் விழுது."

"செயலாளர் ஓட்டுல நிக்கல மிஸ்ஸு. நான்தான் நிக்கிறேன்."

 பெஞ்சுல ஒக்காந்திருந்த கஜபதி வாயத் தொறந்தாரு. "இதுக்குப் போயி இன்னா? கங்கைதானே கெங்கை? கங்கம்மாள்னே அடிச்சிடு மிஸ்ஸு. பொஸ்தகத்துல அதான் சரி. கொம்பும் இல்ல, கோணலும் இல்ல."

"அண்ணாத்தே, எங்க நைனா வச்ச பேரு கெங்கம்மாள். ஊட்டுல கெங்கா, ரேஷன் கார்டுல கெங்கம்மாள், கங்கம்மாள்னு எவளும் இல்ல. என் பொம்பளைங்க கொம்பப் பாத்துதான் குத்துவாளுங்க. நீ கொம்பப் புடுங்கிட்டு ஓட்டுக்கு வர்ற. நல்லாக்குது உன் தேர்தலு."

"அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுடு. எங்க ஆயா கெஜபதின்னுதான் கூப்புடும். ரெண்டு பேருக்கும் கோணலு, வழக்கு தீந்துச்சு!"

அவரு விளையாட்டாத்தான் சொன்னாரு. கெங்கம்மா சிரிக்கல. மிஸ்ஸப் பாத்தே பேசுச்சு. "உன்ன நம்பித்தான் நின்னேன். பெருக்குறவதானே, கோணலா இருந்தா இன்னா, இவளுக்குத் தெரியவா போவுதுன்னு நெனச்சுட்டியா?"

மிஸ்ஸு தாள வாங்கி மேசையில வச்சாங்க.  

"ஒரு பேரு நேராவும் ஒரு பேரு கோணலாவும் நான் சீட்டு அடிக்க மாட்டேன். அடுத்தவங்க பேர மாத்தியும் அடிக்க மாட்டேன். தேர்தல தள்ளி வைக்கிறேன்."

"தள்ளி வச்சா அதுவரைக்கும் செயலாளரு யாரு? இவருதானே?" கெங்கம்மா விடல. "அப்ப நீ யாரு ஆளுன்னு ஊரே சொல்லும் மிஸ்ஸு."

உண்மைதான். கோணலா அடிச்சாலும் கஜபதி ஆளு, கொம்ப எடுத்தாலும் கஜபதி ஆளு, தள்ளி வச்சாலும் கஜபதி ஆளு. எந்தப் பக்கம் திரும்புனாலும் பதினாலு வருஷத்துப் பேரு போவுது. அது அவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ஒத்தி வைக்கிற நோட்டீஸ ஒரு துண்டுக் காயிதத்துல நாலு வரி எழுதுனாங்க. அதப் பக்கத்துல நிறுத்தி வச்சுட்டு கீபோர்டுல கைய வச்சாங்க.

டைப்பிங் மிஸ்ஸுங்க ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க: கண்ணு பாத்து அடிக்கிற காப்பில, கை மிஷின்ல. எழுத்தயும் பாக்காதே, வெரலயும் பாக்காதே. அவங்க திரையப் பாக்கவே இல்ல. கண்ணு அந்தத் துண்டுக் காயிதத்துல. அடிச்சாங்க, அடிச்ச வேகத்துல பிரிண்டும் குடுத்துட்டாங்க. அது கத்திக்கினே தாள வெளிய தள்ளுச்சு. கிழிச்சு கையெழுத்து போட பேனாவ எடுத்தாங்க.

பேனா அப்படியே நின்னுடுச்சு.

"தோழர், இதப் படிங்க."

படிச்சேன். "தேர்தல் தள்ளி வைக்கப்படுகிறது. செயலாளர் பதவிக்கு..."

"சரியாத்தானே கீது"ன்னேன். அதுக்கப்புறம்தான் எனக்கே ஒறைச்சுச்சு. சரியா கீது! 'த'வுக்கு முன்னாடி கொம்பு. 'ச'வுக்கு முன்னாடி கொம்பு. 'வை'யும் ஒழுங்கா.

லட்சுமணன் எட்டித் திரையப் பாத்தாரு. "ஐயோ மிஸ், இதென்ன கண்றாவி? கொம்பெல்லாம் தனித்தனியா தொங்குது. ஒரு வார்த்தை படிக்க முடியல!"

மிஸ்ஸு கண்ணாடியக் கழட்டுனாங்க. ரெண்டு கைவெரலையும் விரிச்சுப் பாத்தாங்க, யாரோட வெரலுன்ற மாதிரி. "மறந்துட்டேன் தம்பி. கோவத்துல பழைய டைப்ரைட்டர் மாதிரி கொம்ப மொதல்ல அடிச்சிட்டேன்."

அப்பத்தான் லட்சுமணனுக்கு வெளங்குச்சு. நெத்தியில அடிச்சிக்கினாரு. "சிப்பு கெடவே இல்ல மேடம்! கம்ப்யூட்டருக்குத்தான் கொம்ப முன்னாடி தள்ளி நிறுத்துற புத்தி. இந்த பிரிண்டரு வந்தது வந்தபடி குத்துது. வாயில சொல்ற வரிசையில அனுப்புனா அதே வரிசையில குத்திடுது. கண்ணுல பாக்குற வரிசையில அனுப்புனீங்க, சரியாப் போச்சு. இனிமே திரையில தப்பாத்தான் இருக்கும், தாள்ல சரியா வரும்."

"தப்பா அடிச்சாத்தான் சரியா வருமா? நம்ம சங்கம் மாதிரியே கீதே"ன்னாரு கஜபதி.

மிஸ்ஸு கெங்கம்மாளக் கூப்பிட்டாங்க. "இங்க வா. பக்கத்துல நில்லு. நீயே பாரு." கொம்ப மொதல்ல தட்டுனாங்க, அப்புறம் 'க'. திரையில அசிங்கமா ஏதோ வந்துச்சு. கெங்கம்மா மூஞ்சி சுருங்குச்சு. "இரு"ன்னாங்க மிஸ்ஸு. பிரிண்டரு கத்துச்சு. தாள கெங்கம்மாவையே கிழிக்கச் சொன்னாங்க.

கெங்கம்மா வெரல வச்சுது. கொம்பு. க. ங். கடைசி 'ள்' வரைக்கும் போச்சு. ஒருவாட்டி திரும்பவும் மொதல்லருந்து போச்சு. அப்புறம் தலையில கட்டுன துணிய அவுத்து மொகத்தத் தொடச்சிக்கினு, "வெயிலு சாஸ்தி இன்னிக்கு"ன்னுச்சு.

ஒத்திவைப்பு நோட்டீசு குப்பைக்குப் போச்சு. ரிப்பன கழட்டி ஸ்டென்சில வுட்டாங்க. ரிப்பன் இல்லன்னா விழுறது கண்ணுக்குத் தெரியாது, திரையிலயும் கோணலு, அதனால அந்த ஒரு தாளு முடியிற வரைக்கும் யாரும் மூச்சு வுடல. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தோம். ரெண்டு பேரோட பேரும் ஒரே அளவுல, ஓட்டை ஓட்டையா நின்னுச்சு. சைக்ளோஸ்டைல் கைப்பிடிய கஜபதி சுத்துனாரு. விழுற சீட்ட கெங்கம்மா எடுத்து அடுக்குச்சு.

"வேகமா சுத்தாதே அண்ணாத்தே, மை அப்புது."

"ஏம்மே, ஜெயிக்கறதுக்கு முன்னாடியே அதிகாரமா?"

ஞாயித்துக்கிழமை மிஸ்ஸு காலையில மாதா கோயில் பூசைக்குப் போயிட்டு, வெள்ளைப் பொடவையோடயே வந்து பெட்டிய வச்சாங்க. சாயங்காலம் எண்ணுனாங்க. கஜபதி ஜெயிச்சாரு, ரொம்பக் கொஞ்சத்துல. அவ்வளவு கொஞ்சத்துல ஜெயிச்சா எங்க சங்கத்துல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். நாற்காலிய எல்லாம் ஓரமா எடுத்து வைக்கச் சொன்னேன்.

பொம்பளைங்க படியில நின்னு சத்தம் போட ஆரம்பிச்சாங்க. "திருப்பி எண்ணு! திருப்பி எண்ணு!" ஒருத்தி மேசை வரைக்கும் வந்துட்டா. மிஸ்ஸு சீட்டுக்கட்ட மேசை நடுவுல தள்ளி வச்சுட்டு கையக் கட்டிக்கினு ஒக்காந்தாங்க. எண்ணுறவங்க எண்ணிக்கலாம்ன்ற மாதிரி.

கெங்கம்மா எழுந்துச்சு. தோத்தத மறைக்கத் தெரியாத மூஞ்சி அதுக்கு, கண்ணு செவந்து கெடந்துச்சு.

"ஏய், கம்முனு கீழ எறங்குங்கடி. எண்ணுனது மிஸ்ஸு."

"கொஞ்சத்துல போயிருச்சேக்கா..."

"கொஞ்சமோ நஞ்சமோ. மிஸ்ஸு எண்ணிச்சுன்னா எண்ணிச்சு. போங்க."

எறங்கிப் போனாங்க. ஒரு நாற்காலியும் நகரல. கெங்கம்மா அப்படியே கஜபதி பக்கம் திரும்புச்சு. "செயலாளரே, எஸ்டேட்ல பெருக்குறவங்களுக்குக் குடிக்கத் தண்ணி வைக்கணும். மொத கோரிக்கை அதான். இப்பவே எழுது."

கஜபதி மாலையக் கூட இன்னும் கழட்டல. "எழுதிடலாம் தாயி. மிஸ்ஸு, இத அப்படியே டைப் அடி."

மிஸ்ஸு பிரிண்டரு மேல துணியப் போட்டு மூடுனாங்க. பைய எடுத்துக் கையில மாட்டிக்கினாங்க.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு, திருமுல்லைவாயல் பஸ்ஸப் பிடிக்கப் படியெறங்கிப் போனாங்க.